அகந்தை: மனத்தின் உறுப்பா, வேரா?

விருபாட்ச குகையில் இருந்த இளைஞர் ரமணர் அப்போது யாரிடமும் பேசுவதில்லை. தென்னாற்காடு மாவட்ட வருவாய்த் துறையில் வேலை பார்த்துவந்த சிவப்பிரகாசம் பிள்ளை கல்லூரியில் தத்துவம் பயின்றவர். 1902-ஐ ஒட்டித் திருவண்ணாமலைக்கு வந்தபோது மலையேறிப் போய்த் தம் கேள்விகளை அவர் முன் வைத்தார். பதில்கள் எழுத்தாகவே கிடைத்தன. பிள்ளை அவற்றைப் படியெடுத்து வைத்துக்கொண்டார். சுமார் இருபது ஆண்டுகள் கழித்து, 1923-ல், அது ‘நான் யார்?’ என்ற சிறு நூலாக அச்சேறியது. ரமணரின் போக்கை அறிய விரும்புகிறவர்கள் இன்றும் முதலில் கையில் எடுப்பது அதைத்தான்.

அந்தப் பதில்களில் ஒரு செய்தி, அவசரமாகப் படித்தால் கவனத்தில் படாமலே போய்விடும். மனம் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது என்கிறார். எண்ணங்களை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனால், ‘இதோ மனம்’ என்று காட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது. ஆகவே எண்ணத் திரளுக்குத்தான் மனம் என்று பெயர். அந்தத் திரளில் முதலில் தலைதூக்குவது ‘நான்’ என்கிற எண்ணம். அது எழுந்த பிறகே மற்றவை எழுகின்றன. தன்மை இல்லாமல் முன்னிலையும் இல்லை, படர்க்கையும் இல்லை.

தமிழில் சமய சாத்திரம் கற்ற எவருக்கும் இது நெருடும். அவர்கள் படித்த கணக்கில் மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்று அகக்கருவிகள் நான்கு. நான்கில் ஒன்றாக எண்ணப்பட்ட அகங்காரம் மற்ற எல்லாவற்றுக்கும் மூலமாக எப்படி ஆக முடியும்? சிவப்பிரகாசம் பிள்ளையும் அந்தக் கணக்கில் ஊறியவர்தான். ‘நான் யார்?’ நூலின் தொடக்கத்தில் வரும் நீண்ட பட்டியல் (உடல் நான் அல்ல, ஐம்புலன் நான் அல்ல, மூச்சு நான் அல்ல என்று போவது) ரமணர் அப்படி விரித்து எழுதியதல்ல, பிள்ளை தாம் கற்றதிலிருந்து சேர்த்தது என்று ரமண நூல்களின் பதிப்பு வரலாற்றை ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். இது வெறும் பதிப்புச் சங்கதி அல்ல. பட்டியல் போடுகிறவர் ‘நான்’ என்பதைக் கருவிகளிலிருந்து பிரித்தெடுக்கப் பார்க்கிறார். ரமணரோ அந்த ‘நான்’ எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்க்கச் சொல்கிறார். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் வழி வேறு.

அகந்தைக்கும் மனத்துக்கும் உள்ள உறவை, எது முன் எது பின் என்ற வரிசைச் சிக்கலாகவே பழைய தத்துவங்கள் பார்த்தன. ஈசுவரகிருட்டிணரின் சாங்கிய காரிகையில் மூலப்பிரகிருதியிலிருந்து புத்தி தோன்றுகிறது. புத்தியிலிருந்து அகங்காரம். அகங்காரத்திலிருந்து ஒரு பக்கம் மனமும் அறிவுப் பொறிகளும் தொழிற் பொறிகளும், இன்னொரு பக்கம் ஓசை, ஊறு முதலான ஐந்து நுண்மைகளும், அவற்றிலிருந்து ஐம்பூதங்களும் வருகின்றன. இங்கே மனம் அகங்காரத்தின் பிள்ளை. பொறிகள் கொண்டுவருவதைத் தொகுத்துப் பார்ப்பது அதன் வேலை. தொகுத்ததில் ‘இது எனக்கு’ என்ற ஒட்டைச் சேர்ப்பது அகங்காரம். தீர்மானிப்பது புத்தி. மண்ணும் நீரும்கூட, சுற்றி வளைத்துப் பார்த்தால், ஒரு ‘நான்’ உணர்விலிருந்து விரிந்தவை என்பது இந்தத் தரிசனத்தின் துணிச்சலான முடிவு.

இதே சாங்கியம் தமிழில் மணிமேகலையின் 27-ஆம் காதையில் வருகிறது. வஞ்சி நகரில் சமயக் கணக்கர்கள் ஒவ்வொருவராகத் தம் கொள்கையைச் சொல்ல, மணிமேகலை கேட்கிறாள். சாங்கியவாதி சொல்லும் வரிசையோ காரிகையின் வரிசை அல்ல. அதில் பூதங்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக முதலில் வெளிப்படுகின்றன. அவற்றின் கூட்டத்தில் மனம் வெளிப்படுகிறது. அந்த மனத்தில் ஏற்படும் ஒரு திரிபாக அகங்காரம் சொல்லப்படுகிறது. அதாவது, தாயும் பிள்ளையும் இடம் மாறிவிட்டார்கள். மணிமேகலையை இயற்றிய சாத்தனாருக்கு வேறொரு சாங்கிய மரபு கிடைத்திருக்கலாம் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. காரிகை ஒன்றே சாங்கியம் என்று கொள்வது பிற்கால வழக்கம். எப்படியானாலும், மனத்திலிருந்து அகந்தையா, அகந்தையிலிருந்து மனமா என்ற கேள்விக்கு ஒரே பெயர் கொண்ட தரிசனத்துக்குள்ளேயே நேர்எதிரான இரண்டு விடைகள் இருந்திருக்கின்றன. தமிழ் வாசகர்கள் கையில் இரண்டும் இருந்தன.

சைவ சித்தாந்தம் சாங்கியத்தின் அடுக்கை எடுத்துக்கொண்டு அதற்கு மேலே வேறு தளங்களை எழுப்பிற்று. தத்துவங்கள் முப்பத்தாறு. அவற்றில் அகங்காரம் கீழ்த்தட்டில் இருக்கும் ஒரு கருவி. அது தைசதம், வைகரி, பூதாதி என்று மூன்றாகப் பிரிய, தைசதத்திலிருந்து மனம் பிறக்கிறது. இதுவரை காரிகையோடு பெரிய சண்டை இல்லை. ஆனால் சித்தாந்திகள் மிக நுட்பமான ஒரு வேறுபாட்டைச் செய்தார்கள். பேச்சு வழக்கில் அகங்காரமும் ஆணவமும் ஒன்றுதான். சாத்திரத்தில் அவை இரண்டும் கிட்டத்தட்ட எதிரெதிரானவை. ஆணவம் உயிரோடு தொடக்கமில்லாத காலத்திலிருந்தே ஒட்டிக்கிடக்கும் இருள், உயிரின் அறிவை மறைப்பது. அகங்காரம் மாயையிலிருந்து வந்த கருவி. அந்த இருளில் கிடக்கும் உயிருக்கு ‘நான்’ என்று எழுந்து நிற்கவாவது கொஞ்சம் வெளிச்சம் தருவது. நோய் வேறு, ஊன்றுகோல் வேறு. மெய்கண்டாரின் சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரம் உயிர் அகக்கருவிகளில் ஒன்று அல்ல என்று திட்டமாகச் சொல்லி, உயிருக்கும் கருவிகளுக்கும் உள்ள உறவை அரசன், அமைச்சர் உறவாகக் காட்டுகிறது. அமைச்சர்கள் இல்லாமல் அரசனுக்குக் காரியம் ஆகாது. ஆனால் அமைச்சன் எவனும் அரசன் ஆவதுமில்லை.

இந்த வேறுபாட்டை மேலோட்டமாகக் கடந்துபோகிறவர்கள், ‘எல்லாச் சமயமும் அகந்தையை அழிக்கத்தான் சொல்கின்றன’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். மெய்கண்டார் வழியில் அகங்காரத்தை அழித்து என்ன பயன்? கருவியைப் போக்கினால் இருள்தான் மிஞ்சும். அங்கே அருள் வந்து ஆணவத்தின் வலிமையை அடக்க வேண்டும். ரமணர் வழியிலோ, கருவி, இருள் என்று இரண்டு கிடையாது. ‘நான்’ என்று எழும் அந்த ஒன்றுதான் பந்தம் முழுவதும்.

அவர் இதை மிகத் துல்லியமாகச் சொன்ன இடம் 1928-ல் இயற்றிய ‘உள்ளது நாற்பது’. அதன் 24-ஆம் பாட்டு ஒரு தருக்கப் புதிரோடு தொடங்குகிறது. உடல் சடம். அது ‘நான்’ என்று சொல்லாது. அறிவாய் இருக்கும் மெய்ப்பொருளோ தோன்றுவதும் மறைவதும் இல்லாதது. அதுவும் ‘நான்’ என்று எழாது. அப்படியென்றால் தினமும் காலையில் உடலின் அளவில், உடலின் எல்லைக்குள் ‘நான்’ என்று எழுவது யார்? இரண்டில் எதுவும் இல்லை. அறிவும் சடமும் முடிச்சுப் போட்டுக்கொண்டது போன்ற ஒரு தோற்றம் அது. உயிர், நுண்ணுடல், பிறவிச் சுழல், அகந்தை, மனம் ஆகிய எல்லாம் அந்த முடிச்சுக்கே பெயர்கள் என்று அதே பாட்டில் அடுக்கிவிடுகிறார். அடுத்த பாட்டில் அந்த முடிச்சின் இயல்பு வருகிறது. அதற்குச் சொந்த உருவம் இல்லை. ஏதாவது ஓர் உருவைப் பிடித்துக்கொண்டுதான் பிறக்கிறது, நிற்கிறது, தின்று வளர்கிறது. ஒன்றை விட்டால் இன்னொன்றைப் பிடிக்கும். அதையே தேடிப் போனால் ஓடிவிடும். 26-ஆம் பாட்டு முடிவைச் சொல்கிறது: அகந்தை உண்டானால் எல்லாம் உண்டாகும், அது இல்லையேல் எதுவும் இல்லை.

இந்தக் கடைசிக் கூற்றில் சாங்கியத்தின் எதிரொலி கேட்கிறது. ‘நான்’ என்பதிலிருந்து உலகமே விரிவதாகச் சொன்னவர்கள் அவர்கள்தானே. ஆனால் சாங்கியர்கள் சொன்னது படைப்புக் கதை. பிரகிருதியின் உள்ளே என்ன நடந்தது என்பதை வெளியிலிருந்து விவரித்தார்கள். ரமணர் படைப்புக் கதை எதையும் சொல்லவில்லை. அறிகிறவன் எழாமல் அறியப்படுவது எழாது என்கிற அளவில் நிறுத்திக்கொள்கிறார். அதனால்தான் அவரிடம் வரிசைச் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. மனம் என்று அகலமாகப் பார்த்தால் எண்ணத் திரள். அதையே ஆழமாகப் பார்த்தால், எல்லா எண்ணத்துக்குள்ளும் ‘எனக்கு’, ‘என்னால்’, ‘நான்’ என்று ஓடும் ஒன்று. திரளில் எந்த எண்ணமும் நிலைப்பதில்லை. அந்த ஒன்று மட்டும் அறுபடாமல் வருகிறது. திரளுக்கு அது உறுப்பா, வேரா என்பது நாம் எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. ‘உள்ளது நாற்பது’க்கு முந்தைய ஆண்டு, 1927-ல், தம் அடியவரான கவிஞர் முருகனாருக்காக எழுதிய, முப்பது பாட்டுக் கொண்ட ‘உபதேச உந்தியார்’ நூலிலும் இதே கருத்து வருகிறது. அந்தச் சூழல் கவனிக்கத் தக்கது. தாருகாவனத்து முனிவர்களின் கதையை முருகனார் பாடிக்கொண்டிருந்தார். கருமமே போதும், கடவுள் வேண்டாம் என்று செருக்கிய அந்த முனிவர்களுக்குச் சிவன் சொல்லும் உபதேசத்தை மட்டும் ரமணரைப் பாடித்தரச் சொன்னார். செய்கிறவன் ‘நான்’ என்ற நினைப்பு எங்கே முற்றுமோ அங்கேதான் இந்த ஆராய்ச்சியும் வைக்கப்பட்டது.

எதிர்க்கேள்வி ஒன்று உடனே எழும். ‘நான்’ என்பதும் ஓர் எண்ணம் என்றால், அதை எண்ணுகிறவர் யார்? எண்ணப்படும் பொருளே எண்ணும் ஆளாகவும் எப்படி இருக்க முடியும்? இதற்கு ரமணர் தரும் விடைக்கு ஆதாரம் நூல்களில் இல்லை, தூக்கத்தில் இருக்கிறது. கனவில்லாத தூக்கத்தில் எண்ணம் இல்லை, உலகம் இல்லை, ‘நான் இன்னார்’ என்பது இல்லை. ஆனால் விழித்த பிறகு, ‘நான் அப்போது இல்லை’ என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே ‘நான்’ என்று எழும் எண்ணம் வேறு, எழாமலே இருக்கும் இருப்பு வேறு.

இந்த வாதத்தை அப்படியே விழுங்கிவிட முடியாது. நியாய தரிசனத்தார் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இதில் கை வைத்தார்கள். ‘சுகமாகத் தூங்கினேன், ஒன்றும் அறியவில்லை’ என்று விழித்ததும் சொல்வது நினைவு என்கிறார் அத்வைதி. நினைவு இருந்தால் அனுபவம் இருந்திருக்க வேண்டும், அனுபவம் இருந்தால் அறிவு இருந்திருக்க வேண்டும். நியாயவாதி ஒத்துக்கொள்வதில்லை. அது நினைவல்ல, அனுமானம் என்கிறார். உடம்பு தெளிவாக இருக்கிறது, நடுவில் நடந்தது எதுவும் ஞாபகத்தில் இல்லை, ஆகவே நன்றாகத் தூங்கியிருக்கிறேன் என்று விழித்த பிறகு ஊகிக்கிறோம், அவ்வளவுதான். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது எளிதல்ல. நேர்மையாகப் பார்த்தால் நியாயவாதியின் கை தாழ்ந்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சித்தாந்திகளின் நிலை இங்கே இன்னும் சுவையானது. அவர்கள் கணக்கில் விழிப்பில் முப்பத்தைந்து கருவிகள் வேலை செய்கின்றன. கனவில் இருபத்தைந்து. ஆழ்ந்த தூக்கத்தில் சித்தம், பிராணன், புருடன் என்ற மூன்று மட்டுமே. அகங்காரம் அங்கே இல்லை என்பதில் அவர்களுக்கும் ரமணருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. முடிவுதான் தலைகீழ். அகங்காரம் போன பிறகும் உயிருக்கு ஒன்றும் தெரியாமல் கிடக்கிறதே, அந்த அறியாமை யாருடைய வேலை? ஆணவத்தின் வேலை என்கிறார்கள். தூக்கம் அவர்களுக்கு ஆணவ மலத்தின் வலிமைக்குச் சாட்சி. ரமணருக்கு அதே தூக்கம் அகந்தை இல்லாமலும் இருக்க முடியும் என்பதற்குச் சாட்சி. ஒரே அனுபவம், தினமும் எல்லோருக்கும் வாய்ப்பது. அதைக்கொண்டு இப்படி இரண்டு எதிர் முடிவுகளை நிறுவ முடிகிறது என்றால், அனுபவம் மட்டும் எதையும் தீர்த்துவைக்காது என்று ஆகிறது. ரமணரும் தூக்கத்தோடு நிறுத்தவில்லை. தூக்கத்தில் அகந்தை ஒடுங்கித்தான் இருக்கிறது, விழித்ததும் திரும்ப முளைக்கிறது. ஆகவே விழிப்பிலேயே அதன் மூலத்தைத் தேட வேண்டும் என்றார்.

‘நான் யார்?’ அச்சான அதே 1923-ல் வியன்னாவில் சிக்மண்ட் ஃப்ராய்ட் ஈகோவைப் பற்றித் தம் முக்கியமான நூலை வெளியிட்டார். இருவரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், நோக்கமும் வேறு. ஃப்ராய்டிடம் ஈகோ மனத்தின் வேர் அல்ல. இட் என்று அவர் பெயரிட்ட இச்சைக் கிடங்கின் மேற்பரப்பு, வெளியுலகத்தோடு உரசி உரசி மாறிப்போய்த் தனியாகத் தெரிவதுதான் ஈகோ. மணிமேகலையின் சாங்கியவாதி சொன்ன வரிசைக்கு இது பக்கத்தில் வருகிறது: முதலில் மனம், அதன் திரிபு அகந்தை. ஆனால் அந்த நூலில் ஃப்ராய்ட் இன்னொன்றும் சொல்கிறார். ஈகோ எல்லாவற்றுக்கும் முன்னால் உடல் சார்ந்தது, உடற்பரப்பின் உணர்ச்சிகளிலிருந்து உருவாவது என்கிறார். உடலளவில் எழும் ‘நான்’ என்ற ரமணரின் சிந்தனைக்கு மிக நெருங்கி வரும் இடம் இது. அதற்கு மேல் இருவரையும் ஒப்பிடுவது வீண் வேலை. ஃப்ராய்டுக்கு ஈகோ வலுப்பட வேண்டும், நோயாளி வேலைக்குப் போக வேண்டும், குடும்பம் நடத்த வேண்டும். அதைக் கலைப்பது அவருடைய மருத்துவத்தின் இலக்கு அல்ல.

உடலைப் பிடித்துக்கொண்டுதான் ‘நான்’ நிற்கிறது என்பதை ஆய்வுக்கூடத்தில் காட்டிவிடலாம் என்று 1998-ல் தெரியவந்தது. மாத்யூ பாட்வினிக், ஜோனதன் கோஹன் இருவரும் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு சோதனையை வெளியிட்டார்கள். மேசையில் ஒரு ரப்பர் கை. சோதனைக்கு உட்பட்டவரின் உண்மையான கை தடுப்புக்குப் பின்னால் மறைந்திருக்கும். இரண்டு கைகளையும் ஒரே நேரத்தில், ஒரே தாளத்தில் தூரிகையால் வருடுவார்கள். சில நிமிடங்களில் பலர் ரப்பர் கையில்தான் தொடுகையை உணர்வதாகச் சொன்னார்கள், அது தம் கை போலவே இருப்பதாகச் சொன்னார்கள். கண்ணும் தோலும் ஒத்துப்போனதும் ‘என்னுடையது’ என்ற எல்லை ரப்பருக்கு நகர்ந்துவிட்டது. உருவமற்ற ஒன்று உருவைப் பற்றிக்கொள்ளும் என்ற பழைய வாக்கியம் இங்கே ஒரு தூரிகையின் அளவுக்குச் சுருங்கிக் கண்முன் நிற்கிறது.

இதைவிட ஆழமாகப் போனவை பிளவு மூளை ஆய்வுகள். கடுமையான வலிப்பு நோயைக் கட்டுப்படுத்த மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலத்தை வெட்டிவிடும் அறுவை சிகிச்சை ஒரு காலத்தில் சிலருக்குச் செய்யப்பட்டது. ரோஜர் ஸ்பெர்ரியும் அவர் மாணவர் மைக்கேல் கஸானிகாவும் இந்த நோயாளிகளை ஆராய்ந்தார்கள். ஸ்பெர்ரிக்கு 1981-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1970-களில் கஸானிகாவும் ஜோசஃப் லெடூவும் செய்த சோதனை பிரசித்தம். ஒரு நோயாளியின் இடது மூளைக்கு மட்டும் கோழிக் காலின் படத்தையும், வலது மூளைக்கு மட்டும் பனி மூடிய வீட்டின் படத்தையும் காட்டினார்கள். பிறகு பொருத்தமான படத்தை எடுக்கச் சொன்னபோது வலது கை கோழியை எடுத்தது, இடது கை மண்வாரியை எடுத்தது. பனியை அள்ள மண்வாரி, பொருத்தம்தான். ஆனால் பேசுவது இடது மூளை. அதற்குப் பனிப் படமே தெரியாது. ஏன் மண்வாரியை எடுத்தீர்கள் என்று கேட்டதும், கோழிக்கொட்டகையைச் சுத்தம் செய்ய மண்வாரி வேண்டுமல்லவா என்று அந்த இளைஞர் தயக்கமே இல்லாமல் பதில் சொன்னார்.

அவர் பொய் சொல்லவில்லை. தாம் செய்யாத தேர்வுக்கு ‘நான் இதற்காகத்தான் செய்தேன்’ என்று உரிமை கொண்டாடினார், அதை உண்மை என்றே நம்பினார். இடது மூளையில் இப்படிக் கதை கட்டிக்கொண்டிருக்கும் ஒரு செயல்பாடு இருப்பதாகக் கருதிய கஸானிகா அதை ‘விளக்கம் சொல்லி’ என்ற பொருளில் இன்டர்ப்ரெட்டர் என்று அழைத்தார். செய்கிறவன் நான் என்ற நினைப்பு செயலுக்கு முன்னால் வரும் காரணம் அல்ல, பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும் உரிமைப்பத்திரமாகவும் இருக்கலாம். காரிகை அகங்காரத்துக்குச் சொன்ன வேலையும் இதுதான்: நடப்பதற்கெல்லாம் ‘எனது’ என்று முத்திரை போடுவது. தாருகாவனத்து முனிவர்களுக்கும் இதே நோய்.

அண்மைக் காலத்தில் இன்னொரு பேச்சு பரவலாகிவிட்டது. 2001-ல் மார்கஸ் ரைக்லும் சகாக்களும், வெளிவேலை எதுவும் இல்லாமல் மனிதர் சும்மா இருக்கும்போது மூளையின் சில பகுதிகள் ஓய்வெடுப்பதற்குப் பதிலாக மும்முரமாக இயங்குவதையும், கவனம் கேட்கும் வேலை வந்ததும் அவை தணிவதையும் விவரித்தார்கள். முன்மூளையின் நடுப்பகுதி, பின்புறச் சிங்குலேட் பகுதி முதலியவை சேர்ந்த இதற்கு டீஃபால்ட் மோட் நெட்வொர்க் என்று பெயர் நிலைத்தது. தன்னைப் பற்றிய எண்ணம், பழைய நினைவு, நாளைய கவலை ஆகியவற்றோடு இதற்குத் தொடர்பு உண்டு. நீண்ட காலம் தியானம் பழகியவர்களிடம் இதன் முக்கிய மையங்கள் ஒப்பீட்டளவில் தணிந்திருப்பதாக 2011-ல் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜட்சன் ப்ரூவர் குழு கண்டது. உடனே, ‘அகந்தை மூளையில் இருக்கும் இடம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது’ என்று ஆன்மிக மேடைகளில் பேசத் தொடங்கினார்கள்.

இது தவறான அவசரம். மயக்க மருந்து கொடுக்கப்பட்ட குரங்குகளிடம்கூட இதையொத்த இணைப்பு ஒழுங்கு தொடர்வதாக 2007-ல் ஓர் ஆய்வு காட்டியது. மயங்கிக் கிடக்கும் குரங்கிடம் ‘நான்’ என்ற எழுச்சி இருப்பதாக யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு வலையமைப்பு தணிவதும், தன்னைப் பற்றிய கதையோட்டம் குறைவதும், ‘நான்’ என்ற முடிச்சு அவிழ்வதும் மூன்று வேறு விஷயங்கள். முதலாவதை ஸ்கேன் கருவி அளக்கும். இரண்டாவதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மூன்றாவதை எதைக்கொண்டு அளப்பது? ரப்பர் கையும் மண்வாரியும் ‘நான்’ என்பது கட்டப்படுவது என்பதற்கு வலுவான சான்றுகள். கட்டடம் கலைந்தால் எஞ்சுவது அறிவொளி என்பதற்கு அவை சான்று அல்ல. புத்தரின் வழிவந்தவர்கள் இதே சான்றுகளை வைத்துக்கொண்டு, எஞ்சுவதாக ஓர் ஆன்மா கிடையாது என்றே சொல்வார்கள். அறிவியல் இந்த இடத்தில் எந்தப் பக்கமும் சாயவில்லை. சாய்ந்துவிட்டதாகச் சொல்கிறவர்கள் தம் சமயத்தின் பக்கம் அதை இழுக்கிறார்கள்.

ரமணரிடம் எனக்கு உள்ள கடினமான கேள்வி வேறு. மனமும் அகந்தையும் ஒன்றே என்றால், அகந்தை போன பிறகு மனம் எப்படி வேலை செய்கிறது? அவர் வாழ்க்கையைப் பார்த்தால் மனம் நன்றாகவே வேலை செய்திருக்கிறது. பல ஆண்டுகள் விடியலுக்கு முன்பே எழுந்து ஆசிரமச் சமையலறையில் காய் நறுக்கினார், துவையல் அரைத்தார். அச்சுப்பிழை திருத்தினார். தமிழிலும் தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் மலையாளத்திலும் யாப்பு தப்பாமல் பாடினார். செய்தித்தாள் வாசித்தார். 1936-ல் ஆசிரமச் சொத்து தொடர்பான ஒரு வழக்கில் நீதிமன்றம் அனுப்பிய ஆணையத்தின் முன் சாட்சியும் சொன்னார். எந்த ஆசிரம நிலையைச் சேர்ந்தவர் என்று கேட்டபோது, நான்கு ஆசிரமங்களையும் கடந்த அதியாசிரமி என்றார். வீட்டையும் சொத்தையும் துறந்து வந்தவருக்கு இங்கே சொத்து எப்படி என்ற குறுக்குக் கேள்விக்கு, தாம் அதைத் தேடவில்லை, அது தம்மேல் சுமத்தப்படுகிறது, அதில் விருப்பும் இல்லை வெறுப்பும் இல்லை என்ற பொருளில் விடை சொன்னார். கேள்விகளைப் புரிந்துகொண்டு, சட்ட நுணுக்கம் அறிந்து, சிக்கனமாகப் பேசும் ஒரு மனம் அங்கே இருக்கிறது. ‘என்னுடையது’ என்பது மட்டும் இல்லை.

இதைக் கேட்டவர்களுக்கு அவர் சொன்ன உவமை பகல் நிலா. வானத்தில் இருக்கிறது, தெரிகிறது, ஆனால் அதன் ஒளியைக்கொண்டு யாரும் வழி தேடுவதில்லை. அழகான உவமைதான். ஆனால் கருத்துச் சிக்கலை அது முழுவதும் தீர்ப்பதாகச் சொல்ல முடியாது. நிலா இருக்கிறது என்று ஒத்துக்கொண்டால், மனம் என்பதற்கு இரண்டு பொருள் வந்துவிடுகிறது. நினைவு, மொழி, கணக்கு, திறமை எல்லாம் சேர்ந்த இயக்கம் ஒன்று. அதன்மேல் ‘நான்’ என்று உரிமை கொண்டாடும் முடிச்சு இன்னொன்று. 24-ஆம் பாட்டில் அகந்தைக்கு மறுபெயராக அவர் அடுக்கிய மனம் இரண்டாவது மட்டுமே என்று கொண்டால் முரண்பாடு நீங்குகிறது. அப்படிக் கொள்ளும்போது சித்தாந்தத்தின் கருவிக் கணக்கும் பக்கவாசல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது: அமைச்சர்கள் வேலையைத் தொடர்ந்து பார்க்கிறார்கள், அவர்களில் ஒருவனை அரசன் என்று எண்ணிக்கொண்டது மட்டும் நின்றுபோகிறது. ரமண பக்தர்களில் கடுமையான அத்வைதிகள் இதை ஏற்கமாட்டார்கள். ஞானிக்கு மனமே இல்லை, மனம் இருப்பதாகக் காண்பது பார்க்கிற நம்முடைய மனம் என்பார்கள். அது தருக்கத்தால் அசைக்க முடியாத பதில். அதனாலேயே அதோடு உரையாடுவது கடினம்.

மனம் ஒடுங்குவதற்கும் அழிவதற்கும் உள்ள வேறுபாட்டை ‘உபதேச உந்தியார்’ தனியாக எடுத்துப் பேசுகிறது. இதற்கு ரமணர் சொன்ன கதை ஒன்று உண்டு. கங்கைக் கரையில் ஒரு யோகி. நெடுநேர நிட்டையிலிருந்து கண் திறந்தவருக்குத் தாகம். சீடனைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவன் வருவதற்குள் மீண்டும் நிட்டையில் ஆழ்ந்துவிட்டார். காலம் ஓடிற்று. சீடன் செத்தான், அரசுகள் மாறின, கங்கையே தடம் மாறிப் போயிற்று. யோகி கண் திறந்தார். முதல் வார்த்தை: ‘தண்ணீர் எங்கே?’

அத்தனை காலம் எண்ணமே இல்லாமல் இருந்திருக்கிறார். அன்றைக்கு ஒரு ஸ்கேன் கருவி இருந்து அவரைப் படம் எடுத்திருந்தால் அது முழு அமைதியைத்தான் காட்டியிருக்கும். ஆனால் கேட்டவன் அப்படியே இருக்கிறான், தாகத்தோடு, சீடனிடம் உரிமையோடு. எண்ணங்களின் அளவைக்கொண்டு அகந்தையை மதிப்பிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. தியானத்தைப் பற்றிய இன்றைய ஆய்வுகளில் பல எண்ண ஓட்டம் தணிவதைத்தான் அளக்கின்றன. யோகி கண் திறந்த பிறகு முதலில் என்ன கேட்டார் என்பதைப் பதிவு செய்யும் ஆய்வுமுறை அவற்றில் இல்லை.